நகர்த்தி நட்ட வேலி

ஐம்பத்து நாலாம் வருஷக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் பன்றித் தொடைதான். காலையில் முட்டையோடு, மதியம் ரொட்டிக்கு நடுவில், மாலையில் அவரைக்கொட்டையோடு வேகவைத்து. என் புருஷன் லாடிஸ் மாரெக் பேஸ்பால் மைதானத்து வேலியைத் தாண்டிப் பந்தை அடிக்கும்போதெல்லாம், கசாப்புக் கடை புரூயிட், உப்பிட்டுப் புகைபோட்ட முழுத் தொடை ஒன்றை, ஆட்டம் முடிந்ததும் கூட்டத்துக்கு முன்னால் அவன் கையில் கொடுப்பார். கார்வெல் ஊரில் அது வழக்கம். வேலியில் இருக்கும் தையற்காரரின் விளம்பரப் பலகையில் பந்து பட்டால் ஒரு கால்சட்டை. முடிதிருத்துபவர் பலகையில் பட்டால் மாதம் முழுக்க இலவச முகச்சவரம். லாடிஸ் பலகையில் அடிப்பதில்லை. பலகைக்கு மேலேதான் அடிப்பான். அதனால் ஒரே கால்சட்டையும் ஓயாத பன்றிக்கறியுமாக எங்கள் குடித்தனம் நடந்தது.

"கடவுளே, இன்றைக்காவது இவன் வெறுங்கையோடு வரட்டும்" என்று நான் வேண்டிக்கொண்ட நாட்கள் உண்டு. அந்த வேண்டுதலை அவர் எந்த நாளைக்கென்று எடுத்து வைத்திருந்தார் என்பதுதான் இந்தக் கதை.

லாடிஸுக்கு அப்போது முப்பத்து மூன்று. செக் வம்சத்துப் பருத்தி விவசாயியின் மகன். பேஸ்பால் சோம்பேறிகளின் பிழைப்பு என்று அப்பா சொன்னதால் பதினெட்டில் வீட்டை விட்டுக் கிளம்பினவன். நன்றாக அடிக்க ஆரம்பித்த வயதில் போர் வந்தது. பசிபிக் கடலில் கப்பலுக்குப் பெயிண்ட் அடித்தே அந்த வருஷங்கள் போயின. திரும்பி வந்து சின்ன லீக்குகளில் ஊர் ஊராக ஆடினான். இரண்டு முறை பெரிய லீக் அணி வசந்தகாலப் பயிற்சிக்குக் கூப்பிட்டுப் பார்த்தது. முதல் முறை, லாடிஸ் நிற்கும் முதல் பேஸ் இடத்துக்கு அவர்களிடம் இளவயதுக்காரன் ஒருவன் இருந்தான். இரண்டாம் முறை முட்டி வீங்கிவிட்டது. அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. நானும் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிச் சுற்றி, எந்த ஊரில் எந்தத் தட்டு உடைந்தது என்று சொல்லும் நிலைக்கு வந்திருந்தேன்.

அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பெரிய லீக்கில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பேட்டோடு நிற்க வேண்டும். அடிக்காவிட்டாலும் பரவாயில்லை. எனக்கும் அது வேண்டியிருந்தது. பெருமைக்காக இல்லை. அதைப் பார்த்துவிட்டு வந்தால் இவன் அடங்குவான், நாமும் ஒரு ஊரில் திரைச்சீலை மாட்டி உட்காரலாம் என்றுதான்.

ஆகஸ்டில் அந்த நாள் வந்தது. பெரிய அணி ஒன்றின் முதல் பேஸ்காரனுக்கு மணிக்கட்டு ஒடிந்துபோக, ஆள் தேடி அவர்களுக்கு ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் டீக் என்பவர் சனிக்கிழமை மாலை ஆட்டத்துக்கு வருவதாகச் செய்தி. எங்கள் அணியின் மேலாளர் ஹாலிஸ் எங்கள் வாசலுக்கே வந்து சொன்னார்.

"உன்னைப் பார்க்கத்தான் வர்றார்டா. வேற யாரையும் இல்ல. ஒரே ஆட்டம்தான் பார்ப்பார். நல்லா சாப்பிடு, நல்லா தூங்கு."

"சாப்பாட்டுக்கு என்ன குறைச்சல், பன்றி பன்றியா கிடக்கு" என்றேன் நான்.

லாடிஸ் சிரிக்கவில்லை. அன்றைக்கே பேட்டை எடுத்து வைத்துக்கொண்டு துணியால் தேய்க்க ஆரம்பித்துவிட்டான்.

அணி திங்கட்கிழமை வெளியூர் ஆட்டங்களுக்குக் கிளம்பியது. செவ்வாய்க்கிழமை புழுதிப்புயல் வந்தது. எங்கள் பக்கத்தில் அது புதிதில்லை. ஈரத்துணியைக் கதவிடுக்கில் செருகிவிட்டு உட்கார வேண்டியதுதான். விடிந்து பார்த்தால் மைதானத்தின் இடப்பக்க வேலி மொத்தமும் படுத்திருந்தது. கம்பங்கள் அடியோடு முறிந்து, மொட்டைகள் மட்டும் மண்ணில் நின்றன.

ஊர் கூடிவிட்டது. அதைச் சொல்லத்தான் வேண்டும். வியாழக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர்! புரூயிட் கசாப்புக் கவசத்தைக்கூட அவிழ்க்காமல் கம்பம் தூக்கினார். எல்லோருக்கும் காபியும் வீட்டில் சுட்ட எலுமிச்சை கேக்கும் கொண்டுபோனேன். என்னைப் பார்த்ததும் ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"என்ன சிரிப்பு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல ஓப்பல். சனிக்கிழமை உன் புருஷனுக்கு ஒரு பரிசு வெச்சிருக்கோம்" என்றார் புரூயிட்.

"இன்னொரு தொடையா? வேணாம் சாமி."

"அதைவிடப் பெருசு. நீ வாயைத் திறக்காம இரு."

வாயைத் திறக்க எனக்கு என்ன தெரியும்? அதே பலகைகள், அதே தையற்காரர், அதே முடிதிருத்துபவர். புது ஆணியும் புது சிமெண்டும் மட்டும் பளிச்சென்றிருந்தன. இவ்வளவு நல்ல ஊரா என்று மனம் குளிர்ந்து வீட்டுக்கு வந்தேன்.

சனிக்கிழமை காலையில் வந்திருக்க வேண்டிய அணியின் பேருந்து வழியில் கொதித்து நின்று, மதியம் தாண்டித்தான் வந்தது. லாடிஸ் அழுக்குச் சட்டையோடு நேரே மைதானத்துக்குப் போனான். அடிப்பவனுக்குப் பின்னால் கட்டிய வலைக்கு இந்தப் பக்கம் நான் சாண்ட்விச்சோடு நின்றேன். பயிற்சிக்கு ஹாலிஸ் பந்து போட்டார். லாடிஸ் வலக்கைக்காரன். அவன் பலமெல்லாம் பந்தை இழுத்து இடப்பக்கம் அடிப்பதில்தான். முதல் பந்து அவ்வளவு சரியாகப் படவில்லை. உயரமாக, சோம்பலாகப் போய், வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. வேலி நட்டவர்கள் கைதட்டினார்கள்.

லாடிஸ் பேட்டைக் கீழே போட்டான்.

"என்னடா?" என்றார் ஹாலிஸ்.

"அது தாண்டக் கூடாத பந்து" என்றான். அப்படியே இடப்பக்கம் நடந்தான். வேலியைத் தொட்டுப் பார்த்தான். பலகைச் சந்து வழியாகப் பின்னால் எட்டிப் பார்த்தான். அங்கே, இருபத்தைந்து அடி தள்ளி, பழைய கம்பங்களின் மொட்டைகள் வரிசையாக நின்றன.

அதற்குள் புரூயிட் ஓடி வந்துவிட்டார், முகமெல்லாம் பல்லாக. "கண்டுபிடிச்சிட்டியா! ராத்திரி சொல்லலாம்னு இருந்தோம். இன்னைக்கு நீ சும்மா தட்டினாலே போதும், நாலு ஹோம் ரன். அந்த ஆளு வாயைப் பொளக்கணும்!"

"யாரு செய்யச் சொன்னா?" என்று கேட்டான் லாடிஸ்.

"யாரு சொல்லணும்? ஊரே சேர்ந்து செஞ்சது. நீ மேல போகணும்னு எங்களுக்கும் ஆசை இருக்காதா?"

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். மேய்ந்த வேலி இப்படி வாயெல்லாம் சிரிப்பாக நின்றால் அதை எதைக் கொண்டு அடிப்பது? புரூயிட்டைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. அந்த மனிதர் வியாழக்கிழமை முழுக்க முதுகு ஒடிய உழைத்திருந்தார்.

"பிடுங்கிப் பழைய இடத்துலயே நட்டு வைங்க" என்றான் லாடிஸ்.

"சிமெண்ட் போட்டாச்சுடா. ஆட்டத்துக்கு இன்னும் நேரம் எங்க இருக்கு?" என்றார் ஹாலிஸ். "விடு. வேலி எங்க இருந்தா உனக்கென்ன? பந்து வந்தா அடி."

லாடிஸ் திரும்பி வந்து வலைக்கு அந்தப் பக்கம் நின்றான். சாண்ட்விச்சை வலையோரமாக நீட்டினேன். வாங்கவில்லை.

"ஓப்பல், அந்த ஆளு இதுல பழம் தின்னு கொட்டை போட்டவர். இந்த வேலியைப் பார்த்தா, நான் வருஷம் பூரா அடிச்சது அத்தனையும் இப்படித்தான்னு நெனைப்பார்."

"அப்ப போய் நேரா சொல்லு. 'சார், புயல்ல விழுந்துச்சு, மடப்பசங்க கிட்ட நட்டுட்டானுங்க'ன்னு. முடிஞ்சுது கதை."

"ஆட்டத்துக்கு முன்னாடியே போய் சாக்கு சொல்றவனை எவன் எடுப்பான்?"

"சரி, சொல்லாத. பேசாம அடி. நீயா நகர்த்தின?"

"அந்தப் பக்கம் நான் அடிக்கறதா இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என்ன உளர்ற? உன் கை போற பக்கமே அதுதானே!"

"வலப்பக்க வேலி இருந்த இடத்துலதான் இருக்கு. அங்க அடிச்சுக் காட்டறேன். திருட்டு வேலியைத் தாண்டிக் காட்டி நான் மேல போக வேணாம்."

"உங்கப்பன் புத்தி அப்படியே இருக்கு உனக்கு. கழுதைக்குக்கூட இவ்வளவு முரண்டு கிடையாது" என்றேன். அவன் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் கேட்கவில்லை. அவன் களைத்துப் போயிருந்தான். இத்தனை வருஷப் பேருந்துத் தூக்கம் அவன் கண்ணுக்குக் கீழே தொங்கியது. களைத்தவனிடம் மிஞ்சியிருப்பது பிடிவாதம் ஒன்றுதான். அதை நான் பிடுங்கப் பார்த்தது அந்த வேளைக்குப் பொருந்தவில்லை.

டீக் ஆட்டத்துக்கு முன்பே வந்தார். ஒல்லியான மனிதர், வைக்கோல் தொப்பி. யாரிடமும் பேசாமல் இடப்பக்கக் கோட்டை ஒட்டி வேலிவரை நடந்தார். இருக்கைகளில் அதுவரை கூச்சல் போட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் ஒரு கம்பத்தின் அடியைக் காலால் தட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை வாங்கினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. புரூயிட் என் பக்கம் திரும்பி, "ஒண்ணும் கண்டுக்கல பாரு" என்றார் கிசுகிசுப்பாக.

ஆட்டம் தொடங்கியது. முதல் முறை நின்றபோது லாடிஸ் சொன்னபடியே பந்தை வலப்பக்கம் தள்ளினான். ஆழமாகத்தான் போனது, ஆனால் ஓடி வந்தவன் பிடித்துவிட்டான். இரண்டாம் முறை பந்து வலப்பக்க வேலியில் மோதித் திரும்பியது. இளம் கால்களாக இருந்தால் மூன்றாம் பேஸ்வரை ஓடியிருக்கலாம். என் புருஷன் இரண்டாவதில் மூச்சு வாங்கி நின்றான். டீக் ஒரு கடலையை உடைத்தார்.

மூன்றாம் முறை வந்த பந்து, இடப்பக்கம் இழுத்து அடிப்பதற்கென்றே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தது போல உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில் வந்தது. என் கை என்னை அறியாமல் வீசியது. அவன் பேட்டை அசைக்காமல் அதைப் போக விட்டான். கூட்டத்துக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது.

"இடப்பக்கம்டா! இடப்பக்கம்!"

"கண்ணு தெரியலையா தாத்தா?"

"ஏய் மாரெக், வேலி இந்தப் பக்கம் இருக்கு!"

கடைசி இன்னிங்ஸில் நாங்கள் இரண்டு ரன் பின்னால் இருந்தோம். இன்னும் ஒருவன் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது; மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள் நின்றார்கள். இப்படி ஒரு நேரம் தனக்கு வர வேண்டும் என்று அவன் எத்தனை ஊர் அறைகளில் கூரையைப் பார்த்துக்கொண்டு சொல்லியிருக்கிறான்! மறுபடியும் அதே மாதிரிப் பந்து, உள்பக்கம், மெதுவாக. ஒரு கணம் அவன் தோள் இடப்பக்கம் திரும்பப் பார்த்ததை நான் கண்டேன். அவன் அதைப் பிடித்து நிறுத்தி, உடம்பை முறித்து, பந்தை வலப்பக்கமே அனுப்பினான். நல்ல அடிதான். வலப்பக்க வேலியில் முதுகை ஒட்டி நின்று ஒருவன் அதைப் பிடித்தான். ஆட்டம் முடிந்தது.

அந்த ஊர் அவனைப் பார்த்து ஊளையிட்டு நான் அதுவரை கேட்டதில்லை. புரூயிட் ஊளையிடவில்லை. வலையருகே போய், "உனக்காகத்தானேடா செஞ்சோம்" என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது. லாடிஸ் தலையாட்டிவிட்டு நடந்தான்.

வண்டி நிறுத்துமிடத்தில் நான் காத்திருந்தேன். லாடிஸ் வந்தான். அவன் பின்னாலேயே டீக்கும் வந்து, தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் சொன்னார்.

"மாரெக், அந்த வேலியை எப்ப நகர்த்துனாங்க?"

லாடிஸின் முகம் மலர்ந்தது. கேட்டுவிட்டாரே! "வியாழக்கிழமை சார். நான் ஊர்லயே இல்ல. தெரிஞ்சதும் எனக்கு மனசு ஒப்பல. அதான் அந்தப் பக்கமே அடிக்கல. நீங்க தப்பா நெனைக்கக் கூடாதுன்னு..."

டீக் கழற்றிய தொப்பியால் விசிறிக்கொண்டார்.

"தம்பி, நான் இருபது வருஷமா ஊர் ஊராச் சுத்தறவன். ஒரு ஊர்ல எதிரணிக்குக் குடுக்கற பந்தை ஐஸ் பெட்டியில வெச்சிருப்பான், அடிச்சா கல்லு மாதிரி விழும். இன்னொரு ஊர்ல காத்தடிக்கற அடிக்கு என் பொண்டாட்டி அடிச்சாக்கூட தாண்டும். வேலி நகராத ஊரை நான் பார்த்ததே இல்ல. இங்க வந்து கால் வெச்சதுமே தெரிஞ்சுபோச்சு. மனசுக்குள்ள இருபத்தஞ்சு அடியைக் கழிச்சுக்கிட்டுதான் போய் உக்காந்தேன். கழிச்சுப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க." அவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "ஆனா கழிக்கறதுக்கு நீ எதையாவது அடிச்சிருக்கணுமேப்பா."

 அதற்குப் பதில் சொன்னவள் நான்தான். "நாளைக்கு மதியமும் ஆட்டம் இருக்கு சார். ஒரு நாள் இருந்து பார்த்துட்டுப் போங்க. எங்க வீட்டிலயே சாப்பிடலாம்."

"முடியாதும்மா. நாளைக்கு வேற ஊர்ல ஒரு பையன் இருக்கான். இருபத்திரண்டு வயசு." பிறகு லாடிஸின் தோளைத் தொட்டார். "பார்த்ததைத்தான் நான் போய்ச் சொல்ல முடியும். வயசு முப்பத்து மூணு. ஓட்டம் மெதுவு. இழுத்து அடிக்கல. மனுஷன் தங்கம்னு சொல்லலாம், அதுக்கு அங்க இடம் கிடையாது."

அவர் கார் போன பிறகும் புழுதி அடங்க நேரமாயிற்று. வீட்டுக்குப் போகும் வழியில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நான் அப்போதே சொன்னேனே என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போவது எல்லோருக்கும் நடப்பதுதான். எட்டியதைத் தானே தட்டிவிட்டவனிடம் என்ன பேச?

ஞாயிற்றுக்கிழமை மதியம், தேவாலயம் விட்ட கையோடு ஆட்டம். முதல் இன்னிங்ஸில், அவனுக்கு வந்த முதல் பந்தையே லாடிஸ் இடப்பக்கம் இழுத்து அடித்தான். அந்தச் சத்தம் வேறு. பந்து வேலிக்கு மேலே, வெகு மேலே போயிற்று. ஊர் எழுந்து நின்று கத்தியது. நேற்றைய ஊளையை ஒருவருக்கும் ஞாபகமில்லை. அவன் ஓடவில்லை. தலையைக் குனிந்தபடி பேஸ் பேஸாக நடந்து வந்தான், வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவனைப் போல. ஆட்டம் முடிந்ததும் புரூயிட் எல்லோருக்கும் முன்னால் தொடையைத் தூக்கிப் பிடித்தார். லாடிஸ் அதை வாங்கி, அவருக்குக் கைகொடுத்து, நன்றி சொன்னான். புரூயிட்டின் முகம் பழையபடி மலர்ந்தது.

கூட்டம் கலையும்வரை இருந்துவிட்டு நான் வேலிக்குப் பின்னால் போனேன். எதற்கென்று கேட்டால் தெரியாது. பழைய கம்ப மொட்டைகளைத் தாண்டினேன். அதற்கப்பால் பருத்திக்காடு. காட்டுக்குள் நாலாவது உழவுச் சாலில் செடி ஒன்று முறிந்து, அதன் அடியில் பந்து கிடந்தது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தபோது புது வேலி வெகு தொலைவில் இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. கைக்குட்டை கொண்டுவராத நான் எதைக் கொண்டு முகத்தைத் துடைப்பது? கையால் துடைத்துக்கொண்டு, பந்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

சாயங்காலம் தொடையை மேசையில் வைத்து வெட்டினேன். லாடிஸ் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"வேலிக்குப் பின்னாடி போனியாமே" என்றான்.

"போனேன்."

"கழிச்சாலும் தாண்டிச்சா?"

பொய் சொல்லலாமா என்று கத்தியைப் பிடித்தபடி யோசித்தேன். பதினோரு வருஷத்தில் அவனிடம் நான் பொய் சொன்னதில்லை.

"தாண்டிச்சு" என்றேன். "ரொம்ப தூரம் தாண்டிச்சு."

அவன் தலையை ஆட்டினான். பிறகு தட்டை நீட்டினான்.

"கொழுப்பு இல்லாத பக்கமா வெட்டு" என்றான்.